கண்காட்சியா, செய்முறைப் பட்டறையா, தொழில் பயிலரங்கா?

சென்னையில் படம் வரைகிறவர்களுக்குப் பல்கலைக்கழக அறிவிப்புகள் தனித்தனியாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. காட்சிக்கூடத்தில் குழுக் கண்காட்சிக்குப் படைப்புகள் கேட்டிருப்பார்கள். அதே மாதத்தில் ஐந்து நாள் எச்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்செடுக்கும் முறை) பட்டறை இருக்கும். இன்னொரு துறை, விலை வைப்பது, ஒப்பந்தம் எழுதுவது, போர்ட்ஃபோலியோ (காட்டுவதற்கான படத்தொகுப்பு) தயாரிப்பது பற்றி இரண்டு நாள் பயிலரங்கு வைத்திருக்கும். கையில் இருக்கும் பணமும் லீவும் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் போதும். கடைசித் தேதி எது முதலில் வருகிறதோ அதற்கு ஓடுகிறவர்கள் அதிகம். சிறப்பு விருந்தினர் பெயரைப் பார்த்து முடிவெடுக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறான அளவுகோல்.

சரியான அளவுகோல் உங்கள் வீட்டுச் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. இனி ஒரு கோடுகூடச் சேர்க்க வேண்டாம் என்று எடுத்துக் காட்டக்கூடிய முடிந்த படைப்புகள் எத்தனை இருக்கின்றன? ஐந்துக்குக் கீழே என்றால் செய்முறைப் பட்டறைக்குப் போங்கள். எட்டுக்கு மேல் இருந்து, ஒன்றோடொன்று ஒட்டியும் இருந்து, ஒன்றைக்கூட இதுவரை விற்றதில்லை என்றால் தொழில் பயிலரங்கு. எட்டுக்கு மேல் இருக்கிறது, விலைப்பட்டியலும் எழுதியாயிற்று, படங்களுக்குச் சட்டம் (ஃப்ரேம்) போடும் செலவையும் தாங்க முடியும் என்றால் மட்டும் கண்காட்சி. இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களுக்கு முடிவு எளிதல்ல. கீழே வரும் கணக்குகள் முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

கண்காட்சி: நுழைவுக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை

குழுக் கண்காட்சியில் ஒருவருக்குக் கிடைப்பது பொதுவாக ஒன்றிரண்டு படங்களுக்கான சுவர், அதுவும் சுமார் ஒரு வாரத்துக்கு. விண்ணப்பத்தில் போட்டிருக்கும் கட்டணம் சிறிய தொகையாகவே இருக்கும். உண்மையான செலவு சட்டம், கண்ணாடி, வண்டி ஆகிய மூன்றிலும்தான்.

கண்ணாடியிலிருந்து தொடங்கலாம். 2 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ எடை. அதே தடிமனில் அக்ரிலிக் தகடு 2.4 கிலோதான். 60×90 செ.மீ. படத்தில் வித்தியாசம் ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும். 90×120 செ.மீ. ஆகும்போது 3 மி.மீ. கண்ணாடி தேவைப்படும், கண்ணாடி மட்டுமே 8 கிலோவைத் தாண்டிவிடும், அக்ரிலிக் 4 கிலோவுக்குள் அடங்கும். மெல்லிய சட்டமும் காட்சிக்கூடத்துக் கொக்கியும் 8 கிலோவைத் தாங்குமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கரித்துண்டிலோ சாஃப்ட் பேஸ்டலிலோ வரைந்த படத்துக்கு அக்ரிலிக் வேண்டாம். துடைக்கும்போது அதில் நிலைமின்னேற்றம் ஏறி, கரித்தூளைத் தாளிலிருந்து தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த வேலைகளுக்குக் கண்ணாடிதான்.

சென்னைக்கென்றே ஓர் ஆபத்தும் உண்டு. படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரக்காற்று அந்த இடுக்கில் தங்கி, சில மாதங்களில் பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். நடுவில் மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் வெட்டிய தடித்த அட்டை) இருக்க வேண்டும், அதுவும் அமிலமற்ற வகையாக. சாதா போர்டு வைத்தால் வெட்டிய விளிம்பை ஒட்டித் தாள் மஞ்சளாகும். பின்பக்கம் ஹார்டுபோர்டை நேராகத் தாள்மேல் வைக்காமல் இடையில் ஒரு நல்ல தாள் கொடுக்கச் சொல்லுங்கள். ஈ.சி.ஆர். பக்கம் குடியிருப்பவர்கள் ஆணி, திருகு, வளையம் எல்லாவற்றையும் பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ போடச் சொல்வது நல்லது. உப்புக்காற்றில் சாதா ஆணி துருவேறி, அந்தக் கறை கேன்வாஸுக்குள் இறங்கிவிடும்.

கேன்வாஸைப் பபிள் ஷீட்டில் சுற்றும்போது குமிழ் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அக்ரிலிக் வண்ணம் வெயிலில் இளகும். டாடா ஏஸில் பட்டப்பகலில் ஏற்றிப் போனால் குமிழ்கள் வட்ட வட்டமாகப் படத்தில் பதிந்துவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் பபிள் ஷீட், மூலைகளுக்கு அட்டைக் கவசம்: இந்த வரிசை மாறக்கூடாது.

மாட்டும் உயரத்தில் தடுமாறுகிறவர்கள் பலர். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. வரை இருக்க வேண்டும். ஆணி அடிக்கும் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: நடு உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, இழுத்துப் பிடித்த கம்பிக்கும் சட்டத்தின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 60 செ.மீ. உயரப் படம், கம்பி 8 செ.மீ. கீழே தொங்குகிறது, நடு 145 என்றால், 145+30−8, அதாவது 167 செ.மீ.யில் ஆணி. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துப் போனால், சுவரில் மூன்று நான்கு ஓட்டை போட்டுக் காட்சிக்கூடப் பொறுப்பாளரின் முகத்தைப் பார்க்க வேண்டிவராது.

விண்ணப்பத்திலேயே படம் நிராகரிக்கப்படுவதற்குத் தரத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அளவை உயரம் முதலில், அகலம் அடுத்து என்று எழுத வேண்டும். மாற்றி எழுதினால் நெட்டுப்படம் படுக்கைப்படமாகப் பதிவாகிக் காட்சியமைப்பில் இடம் தவறும். புகைப்படத்தை ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். படத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே மாதிரி இரண்டு விளக்குகளை வைத்து, கேமராவைப் படத்தின் நடுவுக்கு நேரே வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கேட்லாக்கில் 12×18 அங்குலத்தில் அச்சாக வேண்டுமென்றால் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 3600×5400 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அதற்கு ஆகாது.

படிவத்தில் கட்டாயம் தேட வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. படத்தை ஒப்படைத்த நேரத்திலிருந்து உங்கள் கையில் திருப்பித் தரும்வரை சேதத்துக்கு யார் பொறுப்பு? பல படிவங்களில் 'உரிய கவனம் எடுத்துக்கொள்ளப்படும்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அது பொறுப்பேற்பு ஆகாது. மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒப்படைக்கும்போது படத்தின் நான்கு மூலைகளையும் பின்பக்கத்தையும் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் தாண்டிக் கண்காட்சியில் கிடைப்பது என்ன? உங்கள் படம் மற்றவர்கள் படங்களுக்கு நடுவே எப்படி நிற்கிறது என்ற பார்வை. வீட்டில் பெரிதாகத் தெரிந்த படம் அங்கே சிறுத்துப் போகும்; இருட்டாகத் தோன்றியது நல்ல வெளிச்சத்தில் விரியும். இந்தப் பாடத்தை எந்தப் பட்டறையும் தராது. ஆனால் அடுத்து வரைய நான்கு படங்கள் மனதில் இருப்பவருக்குத்தான் இது பயன்படும். இருந்த ஒரே நல்ல படத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, 'இன்னும் இருக்கிறதா, பார்க்கலாமா?' என்று ஒருவர் கேட்கும்போது கையை விரித்தால் அந்த வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும்.

செய்முறைப் பட்டறை: எத்தனை பேருக்கு எத்தனை பிரஸ்?

மூன்றில் அதிகம் அலசிப் பார்த்துச் சேர வேண்டியது இதுதான். நல்ல பட்டறைக்கும் வெறும் வேடிக்கைக்கும் உள்ள தூரம் மிக அதிகம், அறிவிப்பிலோ இரண்டும் ஒரே மாதிரித் தெரியும்.

எச்சிங் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், பிரஸ் (தகட்டையும் தாளையும் சேர்த்து அழுத்தும் உருளை எந்திரம்) எத்தனை என்பது. ஒரு பிரஸ், இருபது பேர் என்று வையுங்கள். ஈரத்தாளை வைத்து, கம்பளியை விரித்து, உருளையை ஓட்டி, தாளை உரித்தெடுக்க ஐந்து நிமிடமாவது ஆகும். மணிக்குப் பன்னிரண்டு அச்சு. பிற்பகல் நான்கு மணி நேரம் ஓட்டினாலும் 48, தலைக்கு இரண்டரைகூட வராது. ஒரு தகட்டைச் சரிசெய்து முடிக்கக் குறைந்தது மூன்று நான்கு சோதனை அச்சுகள் வேண்டும். ஆக, கடைசி இரண்டு நாளும் பிரஸ் இடைவிடாமல் ஓடினால்தான் இருபது பேரும் ஏதோ ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போக முடியும். ஒரு பிரஸ்ஸுக்கு எட்டுப் பேர் என்றால் தயங்காமல் சேரலாம். பன்னிரண்டு வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் என்றால் வேண்டாம்.

இரண்டாவது, நாட்கள். எச்சிங் இரண்டு நாளில் ஆகிற வேலை இல்லை. ஜிங்க் தகட்டை அளவாக வெட்டி, நான்கு விளிம்புகளையும் 45 பாகைக்கு அரத்தால் சாய்த்துத் தேய்க்கவே அரைநாள் போகும். சாய்க்காத விளிம்பு தாளையும் கம்பளியையும் அறுத்துவிடும். பிறகு சாக்குத்தூளும் அமோனியாவும் போட்டு எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். தகட்டின்மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, ஒரே விரிப்பாகப் படர்ந்து நின்றால் தகடு தயார். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களுக்கு அமிலத்தைத் தடுக்கத் தகட்டில் பூசும் மெழுகுப் பூச்சு தொட்டியில் உரிந்து, கோடு போடாத இடமெல்லாம் அரித்துப் போகும். முதல் நாள் இதற்கே சரியாகிவிடும். இரண்டாம் நாள் வரைந்து அமிலத்தில் இடுவது. மூன்றாம் நாள் ரோசின் (பிசின்) தூள் தூவி, நிழல்திட்டுகள் தரும் அக்வாடின்ட். நான்காம் நாள் சோதனை அச்சும் திருத்தமும். ஐந்தாம் நாள் பதிப்பு, அதாவது ஒரே தகட்டிலிருந்து ஒரே மாதிரிப் பல அச்சுகள். இரண்டு நாள் எச்சிங் என்று அறிவித்திருந்தால் ஆயத்தம் செய்த தகட்டைக் கையில் கொடுக்கப் போகிறார்கள் என்று பொருள். கற்றுக்கொள்ள வேண்டிய பாதி அங்கே போய்விட்டது.

மூன்றாவது, அமிலம் எது, அறை எப்படி. ஜிங்குக்கு நைட்ரிக் அமிலம் என்றால் ஒரு பங்கு அமிலத்துக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தண்ணீர். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். கோடுகளின்மேல் குமிழ் கட்டும், இறகால் தடவி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி சூடேறி அரிப்பு வேகமாகும், மெழுகுப் பூச்சும் இளகும். ஜனவரியில் பிடித்த நேரக்கணக்கு மே மாதத்துக்குப் பொருந்தாது. புகையை வெளியே இழுக்கும் விசிறி இல்லாத வகுப்பறையில் நைட்ரிக் வைக்கிறார்கள் என்றால் பணம் கட்டியிருந்தாலும் போக வேண்டாம். நுரையீரலைப் பணயம் வைக்கும் அளவுக்கு எந்தச் சான்றிதழும் பெரிதில்லை. சில இடங்களில் மயில் துத்தமும் உப்பும் கலந்த கரைசலை ஜிங்குக்குப் பயன்படுத்துகிறார்கள். நைட்ரிக் போலச் செம்பழுப்புப் புகை வராது. கோடுகளில் சிவந்த செம்புக் கசடு சேரும், அதை அடிக்கடி தூரிகையால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதுவே மேல்.

நான்காவது கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்: பட்டறை முடிந்தபின் பிரஸ் எங்கே? கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைக் கூடம் இருக்கிறது. பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்குத் துறையிலேயே வசதி உண்டு. இப்படி ஓரிடத்தில் தொடர்ந்து அச்சிட வழியில்லையென்றால் எச்சிங் கைப்பழக்கம் சீக்கிரமே விட்டுப்போகும். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு லினோகட் (லினோலியம் துண்டைச் செதுக்கி அச்செடுப்பது) அல்லது மரச்செதுக்குப் பட்டறைதான் சரி. 20×30 செ.மீ. லினோ துண்டு, இரண்டு மூன்று உளிகள், ஓர் உருளை, கனமில்லாத தாள், ஒரு மரக்கரண்டி போதும். கரண்டியின் முதுகால் தேய்த்தே வீட்டுக் கூடத்தில் அச்செடுக்கலாம். எச்சிங் தரும் நுண்ணிய கோடு இதில் வராது. ஆனால் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் கை வேலை செய்துகொண்டிருக்கும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை என்றால் மாதத்தைப் பாருங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் பூசிய எமல்ஷன் (ஒளி பட்டால் இறுகும் பூச்சு) இருட்டில் முழுக்க உலர்ந்த பிறகே ஒளி காட்ட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் காற்றில் ஈரம் ஏறிக்கிடக்க, தொட்டால் உலர்ந்ததுபோலத் தெரிந்தும் உள்ளே ஈரம் இருக்கும். கழுவும்போது படம் தோலாக உரிந்து போகும், குற்றம் ஒளிநேரத்தின்மேல் விழும். ஏசி அறையோ ஈரமுறிஞ்சியோ உள்ள கூடமா என்று கேளுங்கள், இல்லையென்றால் பிப்ரவரி, மார்ச்சில் வரும் பட்டறைக்குக் காத்திருங்கள். துணிக்கு 43டி வலை (செ.மீ.க்கு 43 இழை), தாளில் நுணுக்கமான வேலைக்கு 77டி அல்லது அதற்கு மேல். இரண்டுக்கும் ஒரே வலையைத் தருகிற இடத்தில் ஒன்று கெடும். பைகுரோமேட் என்ற நச்சு உப்பு கலந்த எமல்ஷன் என்றால் கையுறை கட்டாயம்.

தொழில் பயிலரங்கு: கணக்கைப் போடச் சொல்கிறார்களா?

விலை வைக்கத் தெரியாததால் படம் விற்றும் நஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு படத்துக்கு உங்கள் கைக்கு 12,000 ரூபாய் வர வேண்டும், காட்சிக்கூடக் கமிஷன் 40% என்று வையுங்கள். பலர் 12,000 உடன் அதன் 40 சதவீதத்தைக் கூட்டி 16,800 என்று விலை எழுதுகிறார்கள். விற்றதும் 16,800இல் 40%, அதாவது 6,720 போய்விடும், கையில் 10,080. சரியான வழி 12,000ஐ 0.6 ஆல் வகுப்பது: 20,000. சட்டத்தின் செலவும் வண்டி வாடகையும் அந்த 12,000க்குள் அடங்கியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த ஒரு கணக்கை எல்லோரையும் தாளில் போட வைக்கிற பயிலரங்கு, நாள் முழுதும் ஊக்கப் பேச்சு நடத்தும் பயிலரங்கைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

உரிமை பற்றியும் அங்கே சொல்லித்தர வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை விற்பதால் அதன் பதிப்புரிமை கைமாறுவதில்லை; எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் மாறும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு, எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். கண்காட்சிப் படிவங்களில் 'படைப்பின் அனைத்து உரிமைகளும் ஏற்பாட்டாளருக்கு' என்று ஒரு வரி நுழைந்திருந்தால், அதை 'கேட்லாக், சுவரொட்டி, இணைய விளம்பரத்துக்கு மட்டும்' என்று திருத்தித் தரக் கேட்கலாம். கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஒருவர் பணம் கொடுத்துத் தன் உருவப்படத்தை வரையச் சொன்னால் நிலைமை வேறு: ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதவரை பதிப்புரிமை அவருடையது. ஆணைக்கு வரைகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வேலையையும் ஏற்கக் கூடாது.

இந்தப் பயிலரங்குகளையும் பட்டறை போலவே நிமிடக் கணக்கில் அளக்கலாம். போர்ட்ஃபோலியோ தனித்தனியாகப் பார்ப்போம் என்று சொல்லி, இரண்டு மணி நேரத்தில் முப்பது பேர் என்றால் தலைக்கு நான்கு நிமிடம். பத்துப் படங்களைப் புரட்டுவதற்கே அது போதாது. பதினைந்து நிமிடமாவது கிடைக்கும் இடத்துக்குப் போங்கள். பார்க்கிறவர் கலைஞராக மட்டும் இல்லாமல் காட்சிக்கூடம் நடத்துபவராகவோ படங்களை வாங்குபவராகவோ இருந்தால் இன்னும் நல்லது.

கலையையும் வியாபாரத்தையும் கலக்கக் கூடாது என்று இந்தப் பயிலரங்குகளை ஒதுக்குகிறவர்கள், சென்னையின் சொந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவானபோது, அங்கிருந்த ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் பிழைப்பை நடத்தினார்கள். மீதி நேரத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத படங்களை வரைந்தார்கள். மதராஸ் கலை இயக்கம் என்று இன்று பெருமையோடு சொல்லும் வேலைகளுக்குப் பின்னால் அந்த வரவு செலவுக் கணக்கும் இருந்தது.

வெறுமனே பார்க்கப் போவது

நான்காவது வழியும் உண்டு, அதற்குப் பணம் அதிகம் வேண்டாம்: எதிலும் சேராமல் கண்காட்சிகளைப் பார்ப்பது. படைப்புகள் ஒன்றிரண்டுதான் இருக்கின்றன, நல்ல பட்டறையும் இந்தப் பருவத்தில் இல்லை என்றால் இதையே செய்யலாம். திறப்பு விழா அன்று போகாதீர்கள், கூட்டத்தில் படம் தெரியாது. வார நாள் பிற்பகலில் போய்ப் படத்தை ஒருமுறை, கேன்வாஸின் பக்கவிளிம்பை ஒருமுறை, மாட்டியிருக்கும் விதத்தை ஒருமுறை என்று பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போனால் மூடியிருக்கும்.

தேதிகள் முட்டிக்கொள்ளும்போது

கண்காட்சியும் பட்டறையும் ஒரே வாரத்தில் வந்து, இரண்டிலும் சேரத் தகுதியும் பணமும் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்காட்சியில் தவறவிடக் கூடாத நாள் மூன்று: ஒப்படைக்கும் நாள், மாட்டும் நாள், திரும்பப் பெறும் நாள். பட்டறையின் முதல் நாளும் கடைசி நாளும் இவற்றில் எதனோடும் மோதக் கூடாது. முதல் நாளைத் தவறவிட்டால் தகடு ஆயத்தமாகாது. கடைசி நாளைத் தவறவிட்டால் பதிப்பு கிடைக்காது. நடுவில் ஒரு நாள் அரைநேரம் போனால் சமாளிக்கலாம். திரும்பப் பெறும் நாளில் நீங்கள் போக முடியாவிட்டால் யார் பெற்றுக்கொள்வார் என்பதைக் கையெழுத்திட்ட கடிதமாக முன்பே கொடுத்துவிடுங்கள். எடுக்க ஆளில்லாத படங்கள் கூடத்தின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்படும். ஒரு சட்டத்தின் மூலை அடுத்த கேன்வாஸின் நடுவில் குத்தி நிற்கும். மழைக்காலமென்றால் தரை ஈரம் அடிச்சட்டம் வழியே ஏறும். கடிதத்தோடு பேக்கிங் அட்டைகளையும் பெயர் எழுதிக் கொடுத்து வையுங்கள். கொண்டுவந்த அட்டையிலேயே படம் திரும்பி வரும்.